நாக்கை விடுங்கள், நெஞ்சை அழுத்துங்கள்

பந்து அவனிடம் இல்லை. யாரும் இடிக்கவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்த நண்பர்களிடம், "நெஞ்சை அழுத்தினீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஒருவன் மட்டும் கையை நீட்டினான். இரண்டு விரல்களில் பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "நாக்கு உள்ள போயிடுச்சு டாக்டர், விடாம பிடிச்சு இழுத்துட்டே வந்தோம்."

இப்படிக் கடிபட்ட விரல்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்தப் பையனைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. உலகமே பார்த்த வேறொருவரை வைத்துச் சொல்கிறேன்.

பியர்மாரியோ மொரோசினி, இத்தாலியின் பெர்காமோ ஊர்க்காரர். அட்டலாண்டா கால்பந்து கிளப்பின் இளையோர் அணியில் ஆட்டம் கற்ற நடுக்கள வீரர். பதின்ம வயதிலேயே அம்மா, அப்பா இருவரையும் இழந்தவர். 2005இல் உதினேசே கிளப் அவரை எடுத்துக்கொண்டது. இத்தாலியின் முதல் நிலைப் போட்டியான சீரி ஏ-யில் கொஞ்சம் ஆடினார், ஆனால் நிலைக்க இடம் கிடைக்கவில்லை. போலோஞ்ஞா, விசென்சா, ரெஜினா, படோவா, மறுபடி விசென்சா என்று பெரும்பாலும் இரண்டாம் நிலையான சீரி பி அணிகளில் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார். நடுவில் 21 வயதுக்குட்பட்டோருக்கான இத்தாலி அணியிலும் ஆடினார். 2012 ஜனவரியில் இரவலாக லிவோர்னோவுக்குப் போனார். தலைப்புச் செய்தியில் வராத, ஆனால் எந்தப் பயிற்சியாளரும் வேண்டாம் என்று சொல்லாத வகை ஆட்டக்காரர்.

2012 ஏப்ரல் 14. பெஸ்காராவின் அட்ரியாட்டிகோ மைதானம். 31ஆவது நிமிடம், மொரோசினி தடுமாறி விழுந்தார். எழ முயன்றார், மறுபடி விழுந்தார். ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழியை நகரக் காவல் துறையின் கார் ஒன்று மறித்து நின்றது. கண்ணாடியை உடைத்துத்தான் அதை நகர்த்தினார்கள். மருத்துவர்கள் சுற்றி இருந்தார்கள். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் பெட்டியும் மைதானத்தில் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை. மருத்துவமனையில் அவர் இறந்தபோது வயது 25. அந்த வார இறுதி ஆட்டங்களை இத்தாலியக் கால்பந்துச் சங்கம் நிறுத்தியது. அவர் போட்டிருந்த 25ஆம் எண் சட்டையை லிவோர்னோ ஓய்வுக்கு அனுப்பியது. மருத்துவர்கள் மீதான வழக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கியது. அதற்குள் நான் போகவில்லை. ஷாக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பெட்டி சும்மா இருந்ததை எந்த மருத்துவராலும் நிம்மதியாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

சரியாக நான்கு வாரம் முன்பு, மார்ச் 17 அன்று, லண்டனில் இன்னொரு நடுக்கள வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பா இதே மாதிரி சரிந்தார். உடனே களத்திலேயே நெஞ்சை அழுத்தினார்கள், ஷாக் கொடுத்தார்கள். பார்க்க வந்திருந்த இதய மருத்துவர் ஒருவர் கூட்டத்திலிருந்து இறங்கி ஓடிவந்து சேர்ந்துகொண்டார். 78 நிமிடம் நின்றிருந்த இதயம் திரும்பத் துடித்தது. அவர் இன்றும் இருக்கிறார். 2021இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன், 2024 டிசம்பரில் ஃப்ளாரன்ஸில் எதோவார்தோ போவே. இருவரும் பிழைத்தார்கள். (எல்லோருமே நடுக்கள வீரர்கள் என்று கணக்குப் போட்டு யாரும் தியரி கட்ட வேண்டாம். கோல்கீப்பருக்கும் வரும், கைதட்டிக்கொண்டிருப்பவருக்கும் வரும்.)

இப்போது நாக்கு விஷயம். பொறுமையாகக் கேளுங்கள், இதைச் சொல்லிச் சொல்லி என் நாக்குதான் வறண்டுவிட்டது.

நாக்கை யாராலும் விழுங்க முடியாது. அது வாயின் தரையோடு ஒட்டியிருக்கிறது. மயங்கி மல்லாந்து கிடப்பவருக்கு நாக்கு பின்னால் சரியும், உண்மை. அதற்கு நெற்றியில் ஒரு கை வைத்து, தாடையை மேலே தூக்கினால் போதும். விரலை உள்ளே விடத் தேவையே இல்லை. பிறகு ஏன் பல்லைக் கடிக்கிறார், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது? மூளைக்கு ரத்தம் போகவில்லை, அதனால். பார்ப்பவருக்கு வலிப்பு மாதிரி தெரியும். உடனே ஒரு கூட்டம் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும், ஒருவர் பல்லுக்கு நடுவில் ஸ்பூன் விடுவார், இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார். வலிப்புக்கே இவை எதுவும் உதவாது என்பது தனிக் கட்டுரை.

"ஆனா டாக்டர், டிவியில காட்டினாங்களே, நாக்கை இழுத்துவிட்ட உடனே எழுந்து உட்கார்ந்தாரே!" காட்டினார்கள். அவர் தலையோடு தலை மோதி மயங்கியவர். அவர் இதயம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நாக்கை இழுக்காமல் இருந்திருந்தாலும் எழுந்திருப்பார். பெயர் மட்டும் நாக்கை இழுத்தவருக்கு. இதயம் நின்றவரின் நாக்கை இழுத்தவர்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

இன்னொன்று, "மூச்சு இருந்துச்சு டாக்டர்." இருந்திருக்காது. கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவது போல எப்போதாவது ஒரு திணறல், ஒரு குறட்டைச் சத்தம். அது மூச்சு இல்லை, இதயம் நின்றதன் அடையாளம். அதை நம்பிக் காத்திருந்தால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் கழிந்துகொண்டே போகும். நாடி பிடித்துப் பார்க்காதீர்கள். அந்தப் பதற்றத்தில் எங்களுக்கே தப்பும்.

அடுத்து, "எல்லா டெஸ்டும் எடுத்தவன், அவனுக்கு எப்படி?" மொரோசினியும் எடுத்தவர்தான். 1982 முதல் இத்தாலியில் போட்டி விளையாட்டு ஆடுபவர்களுக்கு ஈசிஜியோடு மருத்துவச் சான்று கட்டாயம். பிரேதப் பரிசோதனையில் தெரிந்த நோய், இதயத் தசை மெல்ல மெல்லக் கொழுப்பாகவும் தழும்பாகவும் மாறுகிற அரித்மோஜெனிக் கார்டியோமயோபதி. இதில் எனக்கு இன்றும் உறுத்துகிற ஒன்று உண்டு. இளம் வயதுத் திடீர் மரணங்களுக்கு இந்த நோய் எவ்வளவு பெரிய காரணம் என்று 1988இல் உலகுக்குக் காட்டியவர்கள் படோவா பல்கலைக்கழக மருத்துவர்கள். மொரோசினி 2010இல் அதே படோவா ஊர் அணிக்கு ஆடியிருக்கிறார்.

அதற்காகப் பரிசோதனை வீண் என்று கிளம்பிவிடாதீர்கள். படோவாவும் விசென்சாவும் இருக்கும் வெனெட்டோ மாநிலத்தில், பரிசோதனை செய்துகொண்ட விளையாட்டு வீரர்களின் திடீர் மரணம் 1979-80இல் ஆண்டுக்கு லட்சத்தில் 3.6 ஆக இருந்தது, 2003-04இல் 0.4 ஆகக் குறைந்தது. பரிசோதனை பலரைக் காப்பாற்றுகிறது, எல்லோரையும் அல்ல. பரிசோதனையின் கண்ணில் படாமல் தப்பி வருபவருக்குத்தான் மைதானத்தில் பெட்டி.

மொரோசினிக்குப் பிறகு இத்தாலி அதைப் புரிந்துகொண்டது. உள்ளூர் அமெச்சூர் கிளப்களும் டிஃபிப்ரிலேட்டர் வைக்க வேண்டும் என்று 2013இல் ஆணை போட்டார்கள். கெடு தள்ளித் தள்ளிப் போய் 2017இல்தான் அமலுக்கு வந்தது, அது வேறு கதை. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று 2021 சட்டம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது.

மோதல் இல்லாமல் விழுந்தால் இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், ஒருவர் பெட்டிக்கு ஓடட்டும், நீங்கள் மண்டியிட்டு நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்துங்கள். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கை வலித்தால் ஆள் மாற்றுங்கள், அழுத்தத்தை நிறுத்தாதீர்கள். விலா எலும்பு முறிந்தால் முறியட்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பெட்டி வந்ததும் பொத்தானை அழுத்துங்கள், என்ன செய்வதென்று அதுவே பேசிச் சொல்லும். தேவையில்லாதவருக்கு அது ஷாக் கொடுக்காது. பயப்படாதீர்கள்.

காரை வழியில் நிறுத்தாதீர்கள். இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஓடும்போது ஒருமுறையாவது மயங்கியிருக்கிறீர்களா? வீட்டில் யாராவது 40 வயதுக்குள் தூக்கத்திலோ ஓட்டத்திலோ திடீரென்று போயிருக்கிறார்களா? தயவுசெய்து வந்து காட்டுங்கள். மொரோசினிக்கு இருந்த நோய் பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும். "சாப்பிடாம போனேன், அதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காய்ச்சலோடு ஆடாதீர்கள். ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், ஆடலாம் என்று சொல்லும் இன்னொரு மருத்துவரைத் தேடி அலையாதீர்கள். உடம்புக்குள் ஷாக் கருவி பொருத்திக்கொண்ட எரிக்சனையே இத்தாலி தன் மண்ணில் ஆட விடவில்லை. அவர் ஆடிவந்த இன்டர் மிலான் கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

மைதானம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டி வாங்கினால் அலுவலக அலமாரியில் பூட்டிவைத்துவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் கைக்கு எட்டுகிற சுவரில் மாட்டுங்கள். பேட்டரிக்கும் நெஞ்சில் ஒட்டும் பேடுக்கும் காலாவதித் தேதி உண்டு; இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.