கள்ள பிட்காயின் அடிக்க முடியுமா?

காகிதப் பணம் நல்லதா கள்ளதா என்பதை அந்த நோட்டை வைத்தே சொல்லிவிடலாம். வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைத் தேடுகிறோம், பாதுகாப்பு இழையைத் தடவிப் பார்க்கிறோம். பிட்காயினில் அப்படிப் பிடித்துப் பார்க்க எதுவும் இல்லை. கணினியில் உள்ள பாட்டையும் படத்தையும் ஒரு நொடியில் நகலெடுத்துவிடுகிறோம். முழுக்க முழுக்கக் கணினியிலேயே வாழும் பணத்தை மட்டும் ஏன் அப்படி நகலெடுக்க முடியவில்லை என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

பிட்காயின் ஒரு கோப்பு அல்ல என்பதே அதற்கான விடை. வாலட் என்று சொல்லப்படும் செயலிக்குள் நாணயம் எதுவும் கிடையாது. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் பிரதியை வைத்திருக்கின்றன. எந்த முகவரிக்கு எவ்வளவு தொகை வந்தது, அது செலவாகிவிட்டதா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் பதிவாகியிருக்கும். வாலட்டில் இருப்பது, அந்தப் பதிவுகளில் ஒன்றைச் செலவழிக்கும் உரிமையைத் தரும் ரகசியச் சாவி மட்டுமே. அதை நூறு முறை நகலெடுத்தாலும், ஒரே பூட்டுக்கு நூறு சாவிகள் கிடைக்குமே தவிர, பெட்டிக்குள் இருக்கும் தொகை ஒரு காசுகூட அதிகரிக்காது. சாவி இல்லாமல் அடுத்தவர் தொகையைச் செலவழிக்க வேண்டுமானால் அவருடைய டிஜிட்டல் கையொப்பத்தைப் போலியாகப் போட வேண்டும். இன்றைய கணினிகளால் அது நடைமுறையில் ஆகாத காரியம்.

ஆனால் தன்னுடைய சொந்தச் சாவியைக் கொண்டே ஒருவர் ஏமாற்றலாம். ஒரே தொகையைக் காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் அனுப்பினால் இரண்டு கையொப்பங்களும் உண்மையானவையாகவே இருக்கும். இந்த இரட்டைச் செலவைத் தடுக்கும் வழியைத்தான், சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை முன்வைத்தது. பரிவர்த்தனைகள் ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்கு ஒரு தொகுதியாகப் பேரேட்டில் சேர்கின்றன. ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியின் ஹாஷ் எண்ணை, அதாவது உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை, தாங்கி நிற்பதோடு, அப்படியொரு தொகுதியை உருவாக்க ஏராளமான கணிப்புத் திறனையும் மின்சாரத்தையும் செலவிட்டாக வேண்டும். பழைய பதிவொன்றைத் திருத்த முனைபவர், அந்தத் தொகுதியையும் அதற்குப் பின் வந்த அத்தனை தொகுதிகளையும் மறுபடி உருவாக்கி, தொகுதி உருவாக்கும் மைனிங் வேலையைச் செய்யும் மற்ற மைனர்கள் அனைவரையும் முந்த வேண்டும். பெரிய தொகை வாங்குபவர்கள் ஆறு தொகுதிகள் சேரும் வரை, அதாவது சுமார் ஒரு மணி நேரம், காத்திருப்பது இதனால்தான்.

மைனிங் திறனில் பாதிக்கு மேல் ஒருவர் கைக்குப் போய்விட்டால் இந்த ஏற்பாடு குலையும். பிட்காயினில் இதுவரை அப்படியொரு தாக்குதல் நடக்கவில்லை. சிறிய நாணயங்களில் நடந்திருக்கிறது. 2018 மே மாதத்தில் பிட்காயின் கோல்டும், 2019 ஜனவரியிலும் மீண்டும் 2020 ஆகஸ்டிலும் ஈதீரியம் கிளாசிக்கும் இப்படித் தாக்கப்பட்டன. எக்ஸ்சேஞ்ச் எனப்படும் நாணயச் சந்தை நிறுவனத்தில் நாணயத்தைச் செலுத்தி, அதை வேறொன்றாக மாற்றி எடுத்துக்கொண்ட பிறகு, செலுத்திய பதிவையே பேரேட்டிலிருந்து அழிப்பதுதான் இந்தத் தாக்குதலின் உத்தி. இவ்வளவு பலம் இருந்தாலும் தாக்குபவரால் தன் செலவைத்தான் திரும்பப் பெற முடியும். இல்லாத நாணயத்தை உண்டாக்கவோ பிறர் கையொப்பத்தைப் போடவோ முடியாது.

அப்படியானால் இல்லாத நாணயத்தை யாரும் உண்டாக்கியதே இல்லையா? உண்டாக்கியிருக்கிறார்கள், அதுவும் பிட்காயினிலேயே. 2010 ஆகஸ்ட் 15 அன்று, 74,638ஆம் தொகுதியில் விசித்திரமான பரிவர்த்தனை ஒன்று இடம்பெற்றது. உள்ளே வந்தது அரை பிட்காயின். வெளியே போனதோ இரண்டு முகவரிகளுக்குத் தலா 9,223 கோடிக்கும் மேல்! மொத்தமே 2.1 கோடிக்கு மேல் உருவாகக் கூடாது என்று விதி உள்ள நாணயத்தில் நடந்தது இது.

எப்படி நடந்தது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிட்காயின் மென்பொருள் தொகைகளைச் சதோஷி என்ற அலகில், அதாவது பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கில், 64 பிட் முழு எண்ணாக எழுதுகிறது. அந்த வகை எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் ஓட்டமானி 99,999ஐத் தாண்டியதும் சுழியத்துக்கு வந்துவிடுவதுபோல, இந்த எண்ணும் உச்சத்தைத் தாண்டினால் எதிர்மறை எல்லையின் கடைசிக்குப் போய் அங்கிருந்து மேலேறத் தொடங்கும். அந்தப் பரிவர்த்தனையைச் செய்த ஆசாமி உச்சவரம்புக்கு மயிரிழை குறைவான இரண்டு தொகைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நேர்மறை எண்கள் என்பதால் முதல் சோதனையில் தேறிவிட்டன. இரண்டையும் கூட்டியபோது விடை சுற்றிக்கொண்டு வந்து, ஒரு பிட்காயினின் நூறில் ஒரு பங்கு அளவிலான எதிர்மறை எண்ணாக நின்றது. வெளியே போவது உள்ளே வந்ததை விட அதிகமாக இருக்கக் கூடாது என்பது அடுத்த சோதனை. எதிர்மறை எண் அரை பிட்காயினை விடக் குறைவுதானே! மீதி என்று மென்பொருள் கணக்கிட்ட சுமார் 0.51 பிட்காயின், கட்டணமாக மைனருக்கே போய்ச் சேர்ந்தது. இந்த மோசடியில் என்னை மிகவும் கவர்ந்த நுணுக்கம் அதுதான்: கள்ளக் கணக்குக்குக் கட்டணமும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது.

பேரேடு எல்லோர் கண்முன்னும் இருந்ததால் குட்டு உடனே வெளிப்பட்டது. சில மணி நேரங்களில் திருத்தப்பட்ட மென்பொருளை நகமோட்டோ வெளியிட்டார். மைனர்கள் அதற்கு மாறினார்கள். கோளாறான தொகுதி இல்லாத பேரேட்டுக் கிளை வளர்ந்து மற்றதை முந்தியதும் அந்தக் கோடிகள் இல்லாமலே போயின. 2018 செப்டம்பரில் இன்னொரு ஓட்டை தெரியவந்தது. தேவையற்றது என்று கருதி, வேகத்துக்காக நீக்கப்பட்ட ஒரு சோதனையால், ஒரே பரிவர்த்தனைக்குள் ஒரே தொகையை இரண்டு முறை காட்டிச் செலவழிக்க வழி ஏற்பட்டிருந்தது. பிட்காயினில் யாரும் அதைப் பயன்படுத்துவதற்கு முன்பே அடைத்துவிட்டார்கள். அதே மென்பொருளிலிருந்து கிளைத்த பிஜியன்காயின் என்ற சிறு நாணயத்தில் அந்த வழியாகக் கள்ள நாணயம் அச்சாகிவிட்டது.

இசட்கேஷ் நாணயத்தின் கதை இவற்றைவிடச் சங்கடமானது. அதில் தொகைகளை மறைத்து அனுப்பலாம். கணக்கு சரிதான் என்பதற்கு ஒரு கணிதச் சான்று மட்டும் கூடவே போகும். அந்தச் சான்று முறையில், எல்லையின்றிப் போலி நாணயம் உண்டாக்கக்கூடிய பிழை இருப்பதை 2018 மார்ச்சில் அதன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அக்டோபரில் அது சரிசெய்யப்பட்டது. 2019 பிப்ரவரியில்தான் வெளியே சொன்னார்கள். யாரும் பயன்படுத்தியதற்கான தடயம் இல்லை என்றது நிறுவனம். ஆனால் தொகைகளே மறைந்திருக்கும் இடத்தில் தடயத்தை எங்கே தேடுவது? அந்தரங்கத்துக்காகப் பேரேட்டை மூடினால் கள்ளக் கணக்கைப் பிடிக்கும் கண்ணையும் சேர்த்தே மூடிவிடுகிறோம் என்பதை ஆர்வலர்கள் போதிய அளவு பேசுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் நிரலில் புகுந்து செய்யும் வேலைகள். சாதாரணப் பயனாளரை ஏமாற்ற அவ்வளவு சிரமம் தேவையில்லை. ஈதீரியம் போன்ற பிளாக்செயின்களில், அதாவது தொகுதிகளைச் சங்கிலியாகக் கோத்த பேரேடுகளில், எவரும் புதிய டோக்கனை, அதாவது அந்தப் பேரேட்டின் மேலேயே இயங்கும் தனி நாணயத்தை, உருவாக்கி, அதற்கு எந்தப் பெயரையும் சூட்டலாம். டாலர் மதிப்போடு இணைத்து வெளியிடப்படும் யுஎஸ்டிடி என்ற பிரபல டோக்கனின் பெயரையே வைப்பதையும் அந்த வலைப்பின்னல் தடுக்காது. அசலையும் போலியையும் பிரித்துக் காட்டுவது அந்த டோக்கனின் ஒப்பந்த முகவரி, அதாவது அதை இயக்கும் நிரல் இருக்கும் முகவரி, மட்டுமே. வாங்கியவரின் வாலட்டில் 5,000 யுஎஸ்டிடி என்று அழகாகத் தெரியும். பரிவர்த்தனையும் பேரேட்டில் உண்மையாகவே பதிவாகியிருக்கும். பதிவு பொய்யில்லை, பெயர்தான் பொய்.

முகவரியை வைத்தும் ஏமாற்றலாம். நீளமான முகவரியின் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் மட்டும் பார்த்து அனுப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த இரு முனைகளும் ஒத்திருக்கும் முகவரி ஒன்றைக் கணினியால் தேடி உருவாக்கி, அதிலிருந்து ஒன்றுமில்லாத தொகையை அனுப்பி வைத்தால், அது நம் பரிவர்த்தனைப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை பட்டியலிலிருந்து நகலெடுப்பவர் தப்பான முகவரியைத்தான் எடுப்பார். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி 1,155 பிட்காயினுக்கு ஈடான டோக்கன்களை, சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, தன் கையாலேயே திருடனுக்கு அனுப்பினார். பேரம் பேசிப் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது அவருடைய அதிர்ஷ்டம். இதுபோன்ற வழக்குகளில் அது அபூர்வம்.

பேரேடே இல்லாமல் நாணயம் விற்றவர்களும் உண்டு. பல்கேரியாவின் சோபியாவிலிருந்து 2014இல் ருஜா இக்னாட்டோவா தொடங்கிய ஒன்காயின், பிட்காயினுக்குப் போட்டி என்று உலகெங்கும் கூட்டம் போட்டு விற்கப்பட்டது. அதற்கு உண்மையான பிளாக்செயினே இல்லை என்றும், விலையை நிறுவனமே தன் இஷ்டப்படி நிர்ணயித்தது என்றும் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நிறுவினர்; மோசடித் தொகை சுமார் 400 கோடி டாலர். இணை நிறுவனர் கார்ல் கிரீன்வுட்டுக்கு 2023இல் 20 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. இக்னாட்டோவா 2017 அக்டோபரிலிருந்து தலைமறைவு.

எக்ஸ்சேஞ்சின் திரையில் தெரியும் இருப்பும் இந்தக் கணக்கில் வரும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே சாவி நம்மிடம் இல்லை. திரையில் உள்ள எண், அந்த நிறுவனம் நமக்குத் தர வேண்டிய கடனின் அளவு மட்டுமே. பிளாக்செயின் அதைச் சரிபார்ப்பதில்லை. டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தபோது, வாடிக்கையாளர்களுடையதும் தன்னுடையதுமாகச் சுமார் 8,50,000 பிட்காயின்கள் கணக்கில் இல்லை என்றது. அவற்றில் ஏறத்தாழ 2,00,000 பழைய வாலட் ஒன்றில் பின்னர் அகப்பட்டன. அந்தப் பிட்காயின்களில் ஒன்றுகூடக் கள்ள நாணயம் அல்ல. பணம் வர வேண்டியிருந்தவர்களுக்கு நாணயமாகவே திருப்பித் தரும் வேலை 2024 ஜூலையில்தான் தொடங்கியது.