ஆர்த்ரைட்டிஸ்: கீல்வாதமா, மூட்டழற்சியா?

பாதத்து மூட்டு வலிக்கு நிவாரணம் தேடிப் போனால் முதலில் காதில் விழும் பெயர் ஆர்த்ரைட்டிஸ். இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'ஆர்த்ரோன்' என்றால் மூட்டு. 'ஐட்டிஸ்' என்பது முதலில் 'அதைச் சேர்ந்தது' என்று மட்டும் பொருள் தந்த விகுதி. 'மூட்டைச் சேர்ந்த நோய்' என்று சொல்லிவந்ததில் நோய் என்ற சொல் உதிர்ந்துபோக, விகுதியே நோயின் பெயராக நின்றுவிட்டது. பிற்காலத்தில் எந்த உறுப்போடு அதைச் சேர்த்தாலும் அங்கே அழற்சி என்று பொருள்கொண்டார்கள். டான்சிலைட்டிஸ், அப்பென்டிசைட்டிஸ் எல்லாம் அந்த வகைதான்.

தமிழில் இதற்குப் பழகிய பெயர் கீல்வாதம். கீல் என்றால் பொருத்து. கதவு திரும்புகிற கீலும் இதே சொல்தான். வாதம் என்பது காற்றைக் குறிக்கும் 'வாத' என்ற வடசொல். பக்கவாதத்தில் இருப்பதும் இதுவே. பிடிவாதத்தில் இருப்பது வேறு வாதம், பேச்சைக் குறிப்பது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. காற்றுக்குத் தமிழ்ச்சொல் வளி. "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று குறள் (941) சொல்வது வளி, அழல், ஐயம் என்கிற வாத பித்த கபத்தைத்தான்.

கலைச்சொல் ஆக்கியவர்கள் மூட்டழற்சி என்று வைத்தார்கள். அழல் என்றால் நெருப்பு, அதிலிருந்து அழற்சி. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று பழைய ரோமானிய மருத்துவம் வகுத்த நான்கு அடையாளங்களும் இந்த ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பழைய பெயர் குற்றத்தை வளியின் மேல் போட்டது, புதிய பெயர் அழலின் மேல் போடுகிறது.

சரி, எது பொருத்தம்? என் கணக்கில் பொதுப்பெயராக மூட்டழற்சியே நல்லது. கீல்வாதம் தவறான சொல் இல்லை. ஆனால் அதைச் சிலர் எல்லா மூட்டு நோய்க்கும் சொல்கிறார்கள், சிலர் யூரிக் அமிலத்தால் வரும் 'கௌட்' என்ற ஒன்றுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். பாத வலிக்காரருக்கு இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றில் எதில், எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் நிவாரணம்.

பரவலாக இருப்பது தேய்மான வகை. ஆங்கில மருத்துவம் இதையும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்று 'ஐட்டிஸ்' சேர்த்தே முடிக்கிறது. ஆனால் முதன்மையாக நடப்பது எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது. அழற்சியும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் லேசானதுதான். அதனால் மக்கள் வாயில் வரும் 'தேய்மானம்' கலைச்சொல்லை விடப் பொருத்தமாக இருக்கிறது. பாதத்தில் இது அதிகம் பிடிப்பது பெருவிரலின் அடிமூட்டை. நடக்கும்போது குதிகால் எழுந்து, உடல் முன்னே சாயும் அந்த நொடியில் பெருவிரல் மேல்நோக்கி வளைய வேண்டும், வளையும்போதுதான் குத்தும். எனவே நிவாரணம் செருப்பிலிருந்து தொடங்குகிறது. முன்பக்கம் அகலமாக, அடிப்பாகம் எளிதில் மடங்காததாக இருந்தால் மூட்டு குறைவாக வளையும். அடிப்பாகம் படகுபோல் முன்னே லேசாக வளைந்திருந்தால் இன்னும் நல்லது. உடல் எடை கொஞ்சம் குறைந்தாலும் பாதம் அதை உணரும். விறைப்புக்கு வெதுவெதுப்பான நீர், வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ். வலியைக் குறைக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். அதே வகை மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கக் கூடியவை, டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து போடக்கூடாது.

அடுத்தது முடக்குவாதம். 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்ற பெயரை 1859-இல் அச்சில் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் காரட் என்ற ஆங்கிலேய மருத்துவர். 'ருமா' என்றால் கிரேக்கத்தில் ஒழுக்கு. கெட்ட நீர் உடலுக்குள் ஒழுகி மூட்டில் தேங்குகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். உண்மையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு விடாது. இரண்டு பாதத்திலும் விரல்களின் அடிமூட்டு வலிக்கும், முன்பாதத்தைப் பக்கவாட்டில் அழுத்தினால் உயிர் போகும். இதற்குச் செருப்பும் ஒத்தடமும் துணைக்குத்தான். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தைச் சீக்கிரம் தொடங்காவிட்டால் மூட்டு கோணிப்போகும்.

சொல் ஆராய்ச்சிக்கு விருந்து கௌட்தான். லத்தீனில் 'குட்டா' என்றால் துளி. இங்கேயும் கெட்ட நீர் சொட்டுகிற அதே நம்பிக்கை. கிரேக்கர்கள் பாதத்தில் வரும் கௌட்டை 'போடாக்ரா' என்றார்கள், அதாவது காலைப் பிடிக்கும் பொறி. நள்ளிரவில் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கி, போர்வை பட்டாலே அலறவைக்கும் வலிக்கு இதைவிடச் சரியான பெயர் கிடையாது. இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் இறங்குவதுதான் காரணம். குளிர்ச்சியில் படிகம் எளிதில் உருவாகும். உடலின் நடுப்பகுதியை விடப் பாத விரல்கள் குளிர்ந்தவை, அதனால் பெருவிரல் முதலில் மாட்டுகிறது. இந்த வலியின்போது தேய்த்துவிடுவது, சூட்டு ஒத்தடம் எல்லாம் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து ஐஸ் வைக்கலாம். கோல்சிசின் போன்ற மருந்தை டாக்டர் சொன்னபடி முதல் நாளே தொடங்கினால் சீக்கிரம் அடங்கும். திரும்பத் திரும்ப வந்தால் யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்க மருந்து தருவார்கள். வலி நின்றதும் அதை நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. இதற்குக் கீல்வாதம் என்ற பெயரை ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் எனக்குச் சம்மதமே. காய்ச்சலோடு ஒரே மூட்டு சூடாக வீங்கினால் மட்டும் பெயர் ஆராய்ச்சியில் இறங்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கிருமித்தொற்றாக இருக்கலாம்.

காலையில் தரையில் வைக்கும் முதல் அடியில் சுரீரென்று வரும் குதிகால் வலியைக் 'குதிகால் வாதம்' என்பவர்கள் உண்டு. அது மூட்டழற்சியே இல்லை. அங்கே நோவது உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டை. கெண்டைக்கால் சதையையும் உள்ளங்காலையும் இழுத்துவிடும் பயிற்சிக்குப் பெரும்பாலும் அது கட்டுப்படும்.

கடைசியாகக் 'கால்' என்ற சொல். இடுப்புக்குக் கீழே எல்லாமே நமக்குக் கால்தான், போதாக்குறைக்குப் பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்றே பெயர். டாக்டரிடம் போகும்போது 'கால் வலி' என்று நிறுத்திக்கொள்ளாமல், பெருவிரலின் அடியா, கணுக்காலா, குதிகாலா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் என்று சொன்னால் பாதிக் கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்துவிடும்.