புறப்படும்போது மட்டும் கீச்சிடும் கிளட்ச்

சைக்கிளில் 49 சிசி நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் பொருத்தி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வண்டி நகரத் தொடங்கும்போது கிளட்ச் கீச்சென்று அலறுகிறது. வேகம் பிடித்ததும் நின்றுவிடுகிறது. ஒரு சொட்டு ஆயில் விடலாமா?"

விடவே கூடாது. இந்தக் கிளட்ச் உலர்ந்த உராய்வை நம்பி வேலை செய்வது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போன்ற மொபெட்டுகளில் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. அதற்கேற்ற லைனிங், அதாவது உராயும் பட்டை, அதில் இருக்கிறது. அதைப் பார்த்து இதிலும் ஆயில் விட்டால் சத்தம் அடங்கும், கூடவே பிடியும் போய்விடும்.

என்ஜின் தண்டோடு சுழலும் இரண்டு ஷூக்களை, அதாவது லைனிங் ஒட்டிய வளைந்த துண்டுகளை, ஸ்பிரிங் உள்ளே இழுத்து வைத்திருக்கும். வேகம் கூடினால் மையவிலக்கு விசை அவற்றை வெளியே தள்ளி, சுற்றியுள்ள டிரம்மில் அழுத்தும். விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதுதான் இதன் அழகு. ஷூவின் எடை 50 கிராம், அதன் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி என்று வையுங்கள். 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1500 சுற்றில்) விசை சுமார் 31 நியூட்டன். 3000-இல் 123. 6000-இல் 493. ஆக்சிலரேட்டரைத் திருகாமல் என்ஜின் ஓடும் ஐடிலிங்கில் ஸ்பிரிங் எளிதாக வெல்கிறது. முழு வேகத்தில் ஷூ டிரம்மை விடாமல் கவ்வுகிறது. தொல்லை எல்லாம் இடைப்பட்ட சில நொடிகளில்தான். அப்போது ஷூ டிரம்மைத் தொட்டிருக்கும், ஆனால் சறுக்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சறுக்கலில் நடப்பதைச் சற்று நின்று பார்ப்போம். லைனிங் வேகமாகச் சறுக்கும்போது உராய்வு குறைகிறது, மெதுவாகும்போது கூடுகிறது. ஷூ ஒரு கணம் டிரம்மோடு ஒட்டிக்கொள்ள, அதைத் தாங்கும் பகுதி மெல்ல முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு உராய்வை மிஞ்சியதும் ஷூ விடுபட்டுப் பின்னால் துள்ளுகிறது. வேகம் தணிந்ததும் மறுபடி ஒட்டுகிறது. ஒரு நொடிக்குள் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. வயலின் தந்தியும் வில்லும் செய்வது இதையேதான். ஒவ்வொரு துள்ளலும் மெல்லிய எஃகு டிரம்மைத் தட்டிவிட, டிரம் தன் இயல்பான அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. ஷூ முழுதாகக் கவ்வியதும் சறுக்கல் இல்லை, சத்தமும் இல்லை.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினாலும் சுருதி மாறாத கீச்சு, லைனிங் பளபளத்துப்போனதன் அடையாளம். வண்டியின் வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏறினால் டிரம் பேரிங்கைச் சந்தேகியுங்கள். என்ஜினை நிறுத்தி, செயினைக் கழற்றி, டிரம்மைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவது போலத் தெரியும். நின்றபடி ஐடிலிங்கில் கடகடவென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஷூ அசையும் அச்சான பிவட் போல்ட் ஆடும். ஐடிலிங்கே அதிகமாகி ஷூ லேசாக உரசுவதும் உண்டு; கழற்றுவதற்கு முன் அதைக் குறைத்துப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

கழற்றும்போது பிளக் வயரை முதலில் பிடுங்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள்; பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள். லைனிங் கண்ணாடிபோல மின்னினால், சூட்டில் அதன் ரெசின் உருகி இறுகிவிட்டது என்று பொருள். 120 நம்பர் உப்புத்தாளால், சுழலும் திசைக்குக் குறுக்காக, பளபளப்பு போகும்வரை மட்டும் தேயுங்கள். டிரம்மின் உட்புறத்துக்கும் அதே சிகிச்சை. ஷூவின் முன்விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சரிவு கொடுங்கள். கூர்மையான விளிம்பு டிரம்மில் குத்துவதுதான் பல நேரங்களில் துள்ளலைத் தொடங்கிவைக்கிறது. லைனிங் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் முந்திக் கவ்வி, கிளட்ச் உதறும். டிரம்மில் நீலத் தழும்பு தெரிந்தால் அது அதிகச் சூடு கண்டு கோணியிருக்க வாய்ப்புண்டு, மாற்றுவதே நல்லது. லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை. தண்டின் ஆயில் சீலை மாற்றிவிட்டுத்தான் புது ஷூ போட வேண்டும்.

1966-இல் பிரிட்டிஷ் பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் சரியாகக் கவனித்தால் பிரிட்டன் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று கணக்குக் காட்டியது. நம் பொறியியல் கல்லூரிகளில் உராய்வையும் தேய்மானத்தையும் ஆராயும் இந்தத் துறைக்கு இன்னும் தாராளமாக ஆய்வு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெருமுனை ஒர்க்‌ஷாப்பிலேயே பலன் தெரியும் அறிவியல் இது.

பூட்டும்போது பிவட் போல்ட்டுகளுக்கு மரை தளராமல் பிடிக்கும் நீல நிற லாக் திரவம் ஒரு துளி. அது லைனிங்கில் படக் கூடாது. முதல் பதினைந்து இருபது புறப்பாடுகளில் பெடலை மிதித்து எட்டுப் பத்து கிலோமீட்டர் வேகம் எடுத்த பிறகு ஆக்சிலரேட்டரைத் திருகுங்கள். மேட்டில் அரை வேகத்தில் கிளட்ச்சைச் சறுக்கவிட்டபடி ஏறாதீர்கள், அங்கேயும் மிதியுங்கள். லைனிங் மறுபடி பளபளத்துப்போவது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஏற்றங்களில்தான்.