ஐசோவா, ஐ.எஸ்.ஓ.வா: கடுகு தின்ற மாட்டிலிருந்து கமராவின் எண் வரை

பம்பலப்பிட்டியில் புகைப்பட வகுப்பொன்றுக்குச் சென்றுவரும் வாசகி ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். வகுப்பில் அவர், வெளிச்சத்துக்கேற்பக் கமராவில் கூட்டிக் குறைக்கும் எண்ணைக் குறித்து ‘ஐசோ நானூறு’ என்று சொன்னபோது, அது ஐ.எஸ்.ஓ. என்றும் எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும் என்றும் அருகிலிருந்தவர் திருத்தினாராம். எது சரி என்பது முதற் கேள்வி. ஆடிவேல் இரதம் காலி வீதி வழியே வந்துகொண்டிருந்தபோது இருட்டிவிட்டதால் அந்த எண்ணை 6400 வரை கூட்டிப் படமெடுத்ததாகவும், படம் முழுவதும் மணல் தூவியதுபோல வந்துவிட்டதாகவும் சொல்லி, சென்சரின் (கமராவுக்குள் ஒளியை உணரும் சில்லின்) உணர்திறனைக் கூட்டினால் படம் ஏன் கெட வேண்டும் என்று இரண்டாவதாகக் கேட்கிறார். அந்த இரண்டாவது கேள்விக்குள்ளேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. அது அவருடைய தவறன்று, சொல்லின் வரலாற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

உச்சரிப்பை விரைவில் முடித்துவிடலாம். ஜெனீவாவில் தலைமையகத்தைக் கொண்ட சர்வதேச நியமங்கள் நிறுவனம் 1947 இல் செயற்படத் தொடங்கியது. அதன் முழுப் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கினால் ஐ.ஓ.எஸ். என்றும் பிரெஞ்சில் சுருக்கினால் ஓ.ஐ.என். என்றும் வரும், ஐ.எஸ்.ஓ. என்ற வரிசை இரண்டிலும் வராது. மொழிக்கு மொழி பெயர் மாறக்கூடாது என்பதற்காக, ‘சமம்’ என்று பொருள்படும் ‘ஐசோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து குறும்பெயரை எடுத்துக்கொண்டதாக நிறுவனமே விளக்கம் தருகிறது. (1946 இல் இலண்டனில் நடந்த தொடக்கக் கூட்டத்தில் கலந்துகொண்ட சுவிஸ் பிரதிநிதி ஒருவர், அங்கே கிரேக்கச் சொல் எதுவும் பேசப்படவில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.) நிறுவனத்தின் விளக்கப்படி பார்த்தால் அது எழுத்துக் கோவை அன்று, ஒரு சொல், ஆகவே ‘ஐசோ’ என்று சொன்ன வாசகியின் பக்கமே நியாயம் இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லை நம் பாடநூல்கள் எப்போதோ தமிழாக்கிவிட்டன: ஐசோடோப்பு நமக்குச் சமதானி, ஐசோமர் சமபகுதியம். இருந்தும், ஐ.எஸ்.ஓ. என்பவரைத் திருத்த நான் போகமாட்டேன். பிலிம் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் இன்றும் ‘நூறு ஏ.எஸ்.ஏ.’ என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வது யாருக்கும் விளங்காமற் போனதில்லை.

அந்த ஏ.எஸ்.ஏ. அமெரிக்க நியமச் சங்கத்தைக் குறிக்கும். 1943 இல் அது வகுத்த முறையில், பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், இருமடங்கானால் எண்ணும் இருமடங்காகும். ஜேர்மனியர் அதற்கு முன்பே, 1934 இல், ‘டின்’ என்ற மடக்கை அளவீட்டை வைத்திருந்தார்கள். அதில் வேகம் இருமடங்கானால் எண்ணோடு 3 பாகை மட்டுமே கூடும். 1974 இல் தொடங்கி சர்வதேச நியமம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக்கியது. பழைய பிலிம் பெட்டியில் 100/21°, 200/24°, 400/27° என்று அச்சிட்டிருப்பதன் பொருள் இதுதான். இதற்கிடையே 1960 இல் ஒரு வேடிக்கை நடந்தது. வெளிச்சம் போதாமற் போய்விடக்கூடாது என்று கணக்கில் சேர்த்திருந்த பாதுகாப்பு இடைவெளியை அமெரிக்க நியமத்திலிருந்து நீக்கியபோது, கறுப்பு வெள்ளை பிலிம்களின் எண்கள் ஏறத்தாழ இருமடங்காயின. பெட்டிக்குள் இருந்த பிலிமோ நேற்றிருந்த அதே பிலிம்தான்.

எண் மனிதர் வகுத்ததாக இருந்தாலும், பிலிமைப் பொறுத்தவரை வேகம் உண்மையிலேயே பொருளுக்குள் குடியிருந்தது. அது எங்கே குடியிருந்தது என்பதைச் சொல்வதற்காகத்தான், உண்மையைச் சொன்னால், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

பிலிமின் மேற்பூச்சு என்பது ஜெலற்றினில் மிதக்கும் நுண்ணிய வெள்ளி புரோமைட்டுப் பளிங்குகள். ஜெலற்றின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படுவது. ஒரே செய்முறையில் செய்தாலும் ஒரு தொகுதி ஜெலற்றினில் பிலிம் வேகமாகவும், இன்னொரு தொகுதியில் மந்தமாகவும் அமைந்தது தயாரிப்பாளர்களை நெடுங்காலம் வாட்டியது. கொடாக் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சாமுவேல் ஷெப்பர்ட், இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை 1920களின் நடுவில் கண்டுபிடித்தார்: ஜெலற்றினில் இம்மியளவே கலந்திருந்த கந்தகச் சேர்வைகள். அவை கடுகெண்ணெய்க்குக் காரம் கொடுக்கும் சேர்வையோடு தொடர்புடையவை. மாடுகள் மேய்ந்த கடுகு வகைச் செடிகளிலிருந்து வந்தவை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நம்மவர் சொன்னது, மாட்டின் வயிற்றுக்குள் போய், தோலாகி, பசையாகி, பிலிமில் ஏறிய பிறகும் பொய்க்கவில்லை. மாடு என்ன தின்றது என்று ஆராயப் பணம் கேட்டு இன்று ஒருவர் விண்ணப்பித்தால் எந்த நிதிக் குழுவும் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்பது என் கருத்து. உடனடிப் பயன் என்னவென்று முதற் பக்கத்திலேயே கேட்கும் படிவங்களில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கட்டம் இருப்பதில்லை.

கந்தகம் அங்கே என்ன செய்கிறது? பளிங்கின் மேற்பரப்பில் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டுப் புள்ளிகளை உண்டாக்குகிறது. பெட்டிக்குள் கிடந்த வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் அதே பொருள்தான் இது. ஒரு போட்டன், அதாவது ஓர் ஒளித்துகள், வந்து பளிங்கில் விழும்போது ஓர் இலத்திரன் விடுபடுகிறது. அலைந்து திரியும் அந்த இலத்திரன் சல்பைட்டுப் புள்ளியில் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய இலத்திரனின் மறையேற்றம், பளிங்குக்குள் நகரக்கூடிய வெள்ளி அயன் ஒன்றைத் தன்பால் இழுக்க, இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளி அணு பிறக்கிறது. தனி அணு நிலைக்காது, சிறிது நேரத்தில் கலைந்துவிடும். அது கலைவதற்குள் அடுத்த இலத்திரனும் அடுத்த அயனும் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும். இப்படி நான்கு அணுவளவில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டால் பளிங்கின் தலைவிதி தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பின்னர் டெவலப்பர் கரைசலில் இடும்போது, அந்த நான்கு அணுக்களைக் கதவாகக் கொண்டு, கோடிக்கணக்கான வெள்ளி அயன்களும் உலோக வெள்ளியாக மாறி, பளிங்கு முழுவதும் கறுத்துப் போகிறது. நான்கு சேராத பக்கத்துப் பளிங்கு அப்படியே இருந்து, பிறகு கழுவப்பட்டுவிடும். இந்தப் படிமுறையின் அடிப்படைக் கொள்கையை 1938 இல் கர்னி, மொட் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள் முன்வைத்தார்கள்.

பெரிய பளிங்காயினும் சிறிய பளிங்காயினும் செலவு அந்த நான்கு அணுக்கள்தான். பெரிய பளிங்கு அகன்ற பாத்திரம்போல அதிக போட்டன்களைப் பிடிப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் தேறிவிடுகிறது, தேறியதும் பெரிய கறுப்புப் பொட்டாகிறது. 400 பிலிம் 100 பிலிமைவிட மணிமணியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுவே. அந்த எண்ணைப் பொருளிலிருந்து பிரிக்கவும் முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்பு, கமராவுக்குள் இருப்பது 400 என்று எண்ணிக்கொண்டு, உண்மையில் இருந்த 100 பிலிமில் உறவினர் ஒருவரின் கல்யாணத்தை முழுவதுமாக எடுத்து முடித்தேன். வேண்டிய வெளிச்சத்தில் காற்பங்குதான் பிலிமுக்குக் கிடைத்திருந்தது. தாலி கட்டும் படத்தில் குத்துவிளக்கின் சுடர்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

இனி வாசகியின் கமராவுக்கு வருவோம். சிலிக்கன் சென்சரில் விழும் போட்டன்களில் எத்தனை பங்கு இலத்திரனாக மாறும் என்பது தொழிற்சாலையிலேயே நிர்ணயமாகிவிடுகிறது. எண்ணை 100 இலிருந்து 6400 க்குத் திருப்பினால் அந்தப் பங்கு மாறுவதில்லை. சேர்ந்த சமிக்ஞையை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதே மாறுகிறது. டிஜிட்டல் கமராக்களுக்கான சர்வதேச நியமம் 1998 இல் முதலில் வந்தது; 2006 இல் அது திருத்தப்பட்டபோது, எந்த எண்ணைப் பரிந்துரைப்பது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்க இடமளிக்கும் முறை ஒன்றும் சேர்க்கப்பட்டது. இன்ன எண்ணில், இன்ன வெளிச்சத்தில், படம் இன்ன பிரகாசத்துடன் வரும் என்பதற்கு மேல் இன்று அந்த எண் எதையும் உறுதியளிப்பதில்லை.

அப்படியானால் மணல் எங்கிருந்து வந்தது? ஒளியிலிருந்தேதான். போட்டன்கள் சீராக வருவதில்லை, மழைத்துளிகளைப்போலச் சிதறி வருகின்றன. அந்தச் சிதறலின் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 போட்டன்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. 100 போட்டன்கள் மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல், இரதத்தின் பின்னாலிருந்த கரிய வானம் மணலாகிவிடும். 6400 என்ற எண் அதைப் பெரிதாக்கிக் காட்டியதேயன்றி உண்டாக்கவில்லை. எண்ணைக் கூட்டினால் படம் கெடும் என்று நம்பி, இராகுகாலத்தைத் தவிர்ப்பதுபோல 100 ஐத் தாண்டாமலிருந்து, அதனால் கைநடுங்கி மங்கிய படங்களோடு வீடு திரும்புகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வாசகி இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாமியறை விளக்கை மட்டும் ஏற்றி, கமராவைத் தாங்கியில் நிறுத்தி, துளையின் அளவையும் திறப்பு நேரத்தையும் மாற்றாமல், ஒரு படம் 3200 இலும் ஒரு படம் 100 இலும் ‘ரா’ கோப்புகளாக (கமரா மெருகேற்றாத மூலப் பதிவுகளாக) எடுக்கவும். இரண்டிலும் சென்சருக்குக் கிடைத்த ஒளி ஒன்றே. பிறகு 100 இல் எடுத்து இருண்டுபோன படத்தைக் கணினியில் ஐந்து முறை இருமடங்காக்கி, அதாவது 32 மடங்காக்கி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவும். பெருக்கத்துக்குப் பின் கமராவின் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் 100 இல் எடுத்த படத்திலேயே அதிகமாக வெளிப்படுவதால், பல கமராக்களில் நிழற்பகுதி மோசமாக இருப்பது அந்தப் படத்தில்தான்.