ஈயக்குண்டுக்குள் ஒரு நியூத்திரன் தோல்

நந்திக்கடலில் இறால் படும் காலத்தில் வட்டுவாகல் பக்கம் போனால் வீச்சுவலை எறிகிறவர்களைக் காணலாம். வலை வட்டமாக விரிந்து விழுந்த கையோடு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அதன் விளிம்பைச் சுற்றிக் கோத்திருக்கும் ஈயக்குண்டுகள் செய்யும் வேலை அது. அதில் பத்துக் கிராம் நிறையுள்ள ஒரு குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கையை எழுத 29 போட்டு, பின்னால் 21 பூச்சியங்கள் போட வேண்டும். அவற்றில் நூற்றுக்கு 52 பங்கு ஈயம்-208 என்ற சமதானி (ஐசோடோப்பு). அதன் கருவில் 82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களும் இருக்கின்றன.

இன்றைய அணுக்கருப் பௌதிகவியல் பெரிதும் மல்லுக்கட்டும் கருக்களில் இதுவும் ஒன்று. கேள்வி மிகவும் எளிது. புரோத்தன்களைவிட நியூத்திரன்கள் 44 அதிகம். அந்த மிச்ச நியூத்திரன்கள் எங்கே இருக்கின்றன? கரு முழுவதும் சமமாகக் கலந்திருக்கின்றனவா, அல்லது வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ஒரு மெல்லிய போர்வைபோலப் படிந்திருக்கின்றனவா? அந்தப் போர்வைக்கு நியூத்திரன் தோல் என்று பெயர். அதன் மொத்தத்தை, அதாவது தடிப்பை, அளந்தால், வானத்தில் இருக்கும் நியூத்திரன் விண்மீன் (பெரும்பாலும் நியூத்திரன்களால் ஆன மிகச் செறிந்த விண்மீன்) ஒன்றின் பருமனைப் பற்றியும் பேசலாம். உயர்தரப் பௌதிகவியலில் அரைவாழ்வுக் காலத்துடனும் திணிவுக் குறைபாட்டுடனும் நாங்கள் கருவை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். உண்மையில் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு மில்லிமீற்றரை ஒரு இலட்சம் கோடி கூறாக்கினால் வருவது ஒரு பெர்மி. ஈயக் கருவின் ஆரை 7 பெர்மி அளவு. அணுவின் திணிவு ஏறக்குறைய முழுவதும் அதற்குள்தான் அடைந்து கிடக்கிறது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும்போது அதில் ஏறத்தாழ 14 கோடி கன மீற்றர் தண்ணீர் நிற்கும். அவ்வளவு தண்ணீரின் திணிவையும் கருவின் அடர்த்திக்கு நெருக்கினால் அரைக் கன சென்ரிமீற்றருக்குள், ஒரு புளியங்கொட்டை அளவுக்குள், அடங்கிவிடும். இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. காபனானாலும் இரும்பானாலும் ஈயமானாலும் கருவின் நடுப்பகுதியில் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரு கன பெர்மிக்கு 0.16 துணிக்கை (புரோத்தனோ நியூத்திரனோ). எத்தனை துணிக்கைகளைச் சேர்த்தாலும் கரு பெருக்குமே தவிர இறுகாது. இந்தப் பொதுவான பொருளைத்தான் அணுக்கருப் பொருள் என்கிறார்கள்.

இந்த விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது வகுப்பில் கட்டாயம் யாராவது ஒரு பிள்ளை எழும்பும். "சேர், ஒருத்தரும் கண்ணால காணாத ஒண்டின்ர தோல் இவ்வளவு மொத்தம் எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?" நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் கருவைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பெரியது. அவ்வளவு நீளமான அலைக்குக் கரு இருப்பதே தெரியாது. அலைநீளம் சில பெர்மி அளவுக்குச் சுருங்கிய அலை ஒன்று வேண்டும். இலத்திரனை 200 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்திக்கு முடுக்கினால் அதன் அலைநீளம் 6 பெர்மி ஆகிவிடும். 1950களில் ரொபேட் ஹொவ்ஸ்ராட்டர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் செய்தார். வேகமான இலத்திரன்களை மெல்லிய தகடுகளில் மோதவிட்டு, எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று எண்ணினார். கோணம் கூடக் கூட எண்ணிக்கை ஒரே சீராகக் குறையவில்லை. இடையிடையே பள்ளங்கள் விழுந்தன. அந்தப் பள்ளங்கள் எந்தக் கோணத்தில் விழுகின்றன என்பதிலிருந்து கருவின் பருமனைக் கணக்கிடலாம். பள்ளத்தின் வடிவம் கருவின் விளிம்பு கூர்மையாக வெட்டியதா, படிப்படியாக மங்குவதா என்பதைச் சொல்லும். 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறையால் ஈயம்-208இன் ஏற்ற ஆரை (விளிம்பு வரையான 7 பெர்மி அல்ல, மின்னேற்றம் நடுவிலிருந்து சராசரியாக இருக்கும் தூரம்) இன்று 5.50 பெர்மி என்று ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த வழுவுடன் தெரியும்.

ஆனால் இலத்திரனுக்குத் தெரிவது மின்னேற்றம். அதாவது புரோத்தன்கள் மட்டும். 126 நியூத்திரன்களும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. இந்தச் சிக்கலுக்குப் பிறகு வருவோம். அதற்கு முன்பு கணக்குப் பக்கம் போகலாம்.

கருவைக் கணக்கிடுவதற்கு முதலில் கிடைத்த நல்ல வழி 1935இல் ஜெர்மன் பௌதிகவியலாளர் வைஸ்ஸேக்கர் தந்த சமன்பாடு. அதைச் செய்து பார்க்க மடக்கை அட்டவணை போதும். கருவின் பிணைப்புச் சக்தியை, அதாவது கருவைத் தனித்தனித் துணிக்கைகளாகப் பிரிக்கத் தேவையான சக்தியை, மெகா இலத்திரன்வோல்ற்றில் பார்ப்போம். ஒவ்வொரு துணிக்கையும் பக்கத்துத் துணிக்கைகளைப் பிடித்துக்கொள்வதால் ஒன்றுக்கு 15.75 வீதம் வரவு: 208க்கு 3276. மேற்பரப்பில் இருப்பவைக்கு ஒரு பக்கத்தில் அயலவர் இல்லை, அதனால் 625 செலவு. புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் இன்னும் 807 செலவு. நியூத்திரன்களும் புரோத்தன்களும் சம எண்ணிக்கையில் இல்லாததற்கு 221 செலவு. இரண்டு வகையும் சோடி சோடியாக இருப்பதற்கு ஒரு சின்னச் சலுகை, 1. கூட்டிக் கழித்தால் 1624 வரும். அளந்து கண்ட பெறுமானம் 1636. ஐந்தே ஐந்து உறுப்புகளைக் கொண்ட சமன்பாடு நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைந்த வழுவில் விடையைத் தருவது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

அந்த 12 எங்கே போயிற்று என்பதுதான் அடுத்த கதை. கருவை ஒரு திரவத் துளி என்று பார்த்ததால் தவறிய மிச்சம் அது. துணிக்கைகள் கருவுக்குள்ளும் இலத்திரன்களைப்போல ஓடுகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கைகளில் ஓடு நிரம்பும். அந்த எண்களுக்கு மாய எண்கள் என்று பெயர். 1949இல் மரியா கெப்பட் மேயரும் ஹன்ஸ் ஜென்சனும் தனித்தனியாக இதற்கு விளக்கம் தந்தார்கள். துணிக்கையின் தற்சுழற்சியும் அது கருவுக்குள் சுற்றும் சுற்றும் ஒன்றையொன்று பலமாகப் பாதிக்கின்றன. அதைச் சேர்த்துக்கொண்டால் இந்த எண்கள் தாமாகவே வந்து விழும். ஈயம்-208இல் 82ம் மாய எண், 126ம் மாய எண். அதனால்தான் அது எதிர்பார்த்ததைவிட உறுதியாக இருக்கிறது.

ஓடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு கணக்கு இலகுவாகும் என்று நினைப்போம். இல்லை, அங்கேதான் அது பூதமாகிறது. இணைந்த கணிதத்தில் சேர்மானம் படித்த யாரும் இதைப் பார்க்கலாம். முல்லைத்தீவு மணலில் இருக்கும் சிலிக்கன்-28இன் கருவை எடுங்கள். உள்ளே ஒட்சிசன்-16 அளவுக்கு நிரம்பிய பகுதியை அசையாதது என்று விட்டுவிட்டால், வெளியே 6 புரோத்தன்களும் 6 நியூத்திரன்களும் மிஞ்சும். ஒவ்வொரு வகைக்கும் 12 இருக்கைகள். 12இல் 6 இருக்கைகளைத் தெரிய 924 வழிகள். இரண்டு வகைக்கும் சேர்த்து 924ஐ 924ஆல் பெருக்கினால் 8,53,776. அடுத்த ஓட்டுக்குப் போய் நாகம்-60ஐ எடுத்தால் 20 இருக்கைகளில் 10 புரோத்தன், 10 நியூத்திரன். இப்போது வழிகள் 3,400 கோடியைத் தாண்டிவிடும். கரு இந்த ஒழுங்குகளில் ஏதோ ஒன்றில் நிற்பதில்லை. சக்திச்சொட்டுப் பொறிமுறையின்படி (குவாண்டம் பொறிமுறை) அவை எல்லாவற்றினதும் கலவையாக ஒரே நேரத்தில் இருக்கிறது. கலவையில் ஒவ்வொன்றின் பங்கு என்ன என்று கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய தாயம் (எண்களை நிரை நிரலாக அடுக்கிய அணி) ஒன்றைத் தீர்க்க வேண்டும். சூப்பர் கணினிகள் இதில் வியர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இத்தனைக்கும், இரண்டு நியூத்திரன்களுக்கு இடையிலான விசையே கையில் தெளிவாக எழுதித் தரப்பட்டதல்ல. அது புரோத்தனுக்கும் நியூத்திரனுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்குகளுக்கு இடையிலான விசையின் மிச்சம். அந்த மிச்சத்தை ஒழுங்காக, பெரிய பங்கு முதலில், சிறிய பங்கு பிறகு என்று விரித்து எழுதும் வழி 1990களில்தான் வளர்ந்தது. அதில் ஒரு முக்கியமான பாடம்: இரண்டிரண்டு துணிக்கைகளாக மட்டும் விசையைக் கூட்டினால் விடை பிழையாகும். மூன்று துணிக்கைகள் கிட்டக் கிட்ட இருக்கும்போது மட்டும் தோன்றும் விசையையும் சேர்க்க வேண்டும். அதை விட்டால் கருக்களின் பருமனும் வராது, அணுக்கருப் பொருளின் அடர்த்தியும் சரியாக வராது.

ஈயம்-208 அளவுக்குப் பெரிய கருவில் எல்லா ஒழுங்குகளையும் எண்ணுவது நடக்காத காரியம். அதனால் நிரம்பிய ஓடுகளில் தொடங்கி, அவற்றிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று துணிக்கைகளாக வெளியே தூக்கிப்போட்டுத் திருத்தம் சேர்க்கும் முறைகளைக் கையாளுகிறார்கள். சுவீடன், கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளின் ஆய்வாளர் குழு ஒன்று 2022இல் ஈயம்-208ஐ இப்படிக் கணக்கிட்டு வெளியிட்டது. விசையில் இருக்கும் தெரியாத குணகங்களை மாற்றி மாற்றி 100 கோடி விதமான விசைகளைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முழுக் கணக்கையும் செய்ய முடியாது. சில கணக்குகளை முழுமையாகச் செய்து, மற்றவற்றை அவற்றிலிருந்து மிக விரைவாக ஊகிக்கும் ஒரு பதிலிக் கணிப்பை வைத்துக்கொண்டார்கள். ஒட்சிசன் வரையான சிறிய கருக்களின் அளவீடுகளுடன் ஒத்துப்போகாத விசைகளைத் தள்ளிக்கொண்டே வந்தபோது கடைசியில் மிஞ்சியவை 34. அவற்றைக் கொண்டு போட்ட கணக்கில் ஈயத்தின் நியூத்திரன் தோல் 0.14 முதல் 0.20 பெர்மி வரை என்று வந்தது.

இங்கே வன்னிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. துணிக்கைகளை வேகப்படுத்தும் ஆர்முடுக்கி கட்டுவது பணக்கார நாடுகளின் வேலையாக இருக்கலாம். ஆனால் உலகத்தில் அளந்த கருக்களின் திணிவு, ஆரை அட்டவணைகள் எல்லாம் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் படிப்பவரும் வவுனியா பம்பைமடுவில் படிப்பவரும் சாதாரண மடிக்கணினியில் சிலிக்கன்-28இன் தாயத்தைத் தீர்த்துப் பார்க்கலாம். தீர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, அளவீட்டுக்கு வருவோம். மின்விசைக்குத் தெரியாத நியூத்திரனை வேறு எந்த விசைக்குத் தெரியும்? மெல்விசைக்கு. கதிர்த்தொழிற்பாட்டில் பீற்றாத் தேய்வை உண்டாக்கும் அதே விசை. அதன் பார்வையில் புரோத்தனுக்கு ஏற்றம் ஏறக்குறைய இல்லை. நியூத்திரனுக்குத்தான் கிட்டத்தட்ட முழு ஏற்றமும். இலத்திரன் ஈயக் கருவில் மோதும்போது மின்விசையுடன் மெல்விசையும் மிகச் சிறிதளவு வேலை செய்கிறது. மலைபோன்ற மின்விசைக்கு அடியில் அந்தத் துளியைப் பிரித்து எடுப்பது எப்படி? மெல்விசை இடதையும் வலதையும் ஒன்றுபோல நடத்துவதில்லை. இலத்திரனின் தற்சுழற்சியை அது போகும் திசையை நோக்கியும், எதிராகவும் மாற்றி மாற்றி அனுப்பினால் சிதறும் எண்ணிக்கையில் ஒரு சின்ன வித்தியாசம் வரும். மின்விசையால் அந்த வித்தியாசம் வராது.

அமெரிக்காவின் வேர்ஜினியாவில் உள்ள ஜெபர்சன் ஆய்வுகூடத்தில் 2019இல் இதைச் செய்தார்கள். பரிசோதனையின் பெயர் பிரெக்ஸ்-2. அரை மில்லிமீற்றர் அளவு மொத்தமான ஈயம்-208 தகடு இலக்கு. ஈயம் 327 பாகையில் உருகும், இலத்திரன் கற்றையின் சூடோ கொஞ்சநஞ்சமல்ல. அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய வைரத் தகடுகளை வைத்து, ஈலியத்தால் கடுங்குளிரூட்டினார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் வைரத்துக்கு நிகர் இல்லை. இலத்திரன்களின் சுழற்சித் திசையை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மாற்றினார்கள். கண்ட வித்தியாசம் 100 கோடிக்கு 550. இதை நம்பும்படி அளக்க எத்தனை இலத்திரன்களை எண்ண வேண்டும் என்று யோசியுங்கள். 100 கோடியை எண்ணினால் தற்செயலான ஏற்ற இறக்கம் மட்டுமே அதன் வர்க்கமூலம், அதாவது 31,000க்கு மேல். 550 அதற்குள் மூழ்கிப் போகும். அவர்கள் எட்டிய நுணுக்கத்துக்கு 40 கோடி கோடி இலத்திரன்கள் என்ற கணக்கில் எண்ணியாக வேண்டும்.

2021இல் முடிவு வந்தது: தோலின் மொத்தம் 0.283 பெர்மி, வழு கூட்டல் கழித்தல் 0.071. மேலே சொன்ன கணக்கு 0.20க்கு மேல் போகவில்லை. வழுவின் எல்லையை நீட்டினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், ஆனால் ஒத்துப்போகின்றன என்று மனமாரச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு அதே ஆய்வுகூடம் கல்சியம்-48இன் தோலை இதே முறையில் அளந்து 0.121 பெர்மி என்றது. அது மெல்லிய தோல். ஈயத்துக்குத் தடித்த தோலைத் தரும் கொள்கைகள் கல்சியத்துக்கும் தடித்த தோலைத்தான் தருகின்றன. ஆக, இரண்டு அளவீடுகளையும் ஒரே கணக்கில் இருத்துவது பெரும்பாடாகிவிட்டது.

தோல் ஏன் உண்டாகிறது என்று பார்த்தால் விண்மீன் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். மிச்ச நியூத்திரன்களை நடுவில் வைத்தால் சமனின்மையின் செலவு கூடும். மேற்பரப்புக்கு அனுப்பினால் மேற்பரப்பு பெருத்து அதற்கும் செலவு வரும். நியூத்திரன் நிறைந்த பொருளின் அமுக்கம் பெரிதாக இருந்தால் அது நியூத்திரன்களை வெளியே தள்ளும், தோல் தடிக்கும். நியூத்திரன் விண்மீன் தன் ஈர்ப்பால் நொறுங்காமல் நிற்பதும் இதே அமுக்கத்தால்தான். அமுக்கம் கூடினால் விண்மீனும் பெருக்கும். சூரியனின் ஒன்றரை மடங்கு திணிவு, கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வைத்தால் அடங்கிவிடும் பருமன்: அப்படி ஒரு பொருளின் ஆரையும் ஈயக் கருவின் தோலும் இந்த அமுக்கம் என்ற ஒரே எண்ணால் கட்டுப்பட்டிருக்கின்றன.

பிரெக்ஸ்-2இன் அளவை அப்படியே எடுத்துக் கணக்கிட்டால் சூரியனின் 1.4 மடங்கு திணிவுள்ள நியூத்திரன் விண்மீனின் ஆரை 13.25 முதல் 14.26 கிலோமீற்றர் வரை வருகிறது. 2017 ஓகஸ்ட் 17இல் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதி எழுப்பிய ஈர்ப்பலைகளைக் கண்டறிந்தார்கள். மோதுமுன் அவை ஒன்றின் ஈர்ப்பில் மற்றது எவ்வளவு நீண்டன என்பதிலிருந்து கிடைத்த ஆரை 11.9, வழு 1.4. அதாவது மேல் எல்லை 13.3. இரண்டு விடைகளும் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன.

என் எண்ணத்தில் இதில் யாரும் பிழைவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. 0.071 என்ற வழு பெரியது. அதைச் சுருக்காமல் சண்டை தீராது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மேசா என்ற புதிய ஆர்முடுக்கி இதற்காகவும் கட்டப்படுகிறது. அங்கே ஈயம்-208ஐ மறுபடி அளந்து வழுவை 0.03 பெர்மிக்குக் குறைப்பது திட்டம். விடை 0.28இலேயே நின்றால் மூன்று துணிக்கை விசைகளை எழுதிய விதத்திலிருந்து கணக்கைத் திரும்பத் தொடங்க வேண்டும். 0.17 பக்கம் இறங்கினால் சிறிய கருக்களில் தொடங்கி ஈயம் வரைக்கும், அங்கிருந்து விண்மீன் வரைக்கும் ஒரே விசை செல்லுபடியாகும்.