ஏழாவது மாடியிலிருந்து ஒரு கப்ளிங்

போன வருடம் ஓர் அடுக்குமாடி வேலையில் வெளிச்சாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது மாடியில் கழற்றிய கப்ளிங் ஒன்று, அதாவது சாரக் குழாய்களை இணைக்கும் இரும்புப் பிடி, கைதவறிவிட்டது. கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. மணலைத் தோண்டித்தான் எடுத்தோம். மேஸ்திரி மேலே பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு, "சரி, யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல, வேலையைப் பாருங்க" என்றார். பாதுகாப்பு அலுவலரான எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் பேச்சுதான்.

கப்ளிங் சுமார் ஒரு கிலோ இருக்கும். ஏழு மாடி என்றால் 21 மீட்டர். தரைக்கு வர 2 விநாடி. வந்து சேரும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். மேலே இருப்பவர் சுதாரித்து "ஏய், பாத்து!" என்று கத்துவதற்குள் பாதித் தூரம் வந்திருக்கும். கத்தலைக் கேட்டு நிமிர்ந்தால் முகத்திலேயே விழும். சாரக்காரர்களிடம் நான் வேறு கணக்குச் சொல்வேன்: தலைக்கு ஒரு மீட்டர் மேலிருந்து அரை மூட்டை சிமென்ட்டைப் போட்டால் என்ன அடியோ, கிட்டத்தட்ட அதே அடி.

ஹெல்மெட் இருக்கிறதே என்பார்கள். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 2925 முத்திரை உள்ளதாகவே இருக்கட்டும், கழுத்தையும் தோளையும் அது காக்காது. தாடைப்பட்டை போடாவிட்டால் குனிந்ததும் கழன்று உருளும். அப்புறம், சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. ஹெல்மெட்டை எங்கே வைப்பது? சாரத்துக்கு அடியில் நாள் முழுக்க நடப்பவர்கள் அவர்கள்தான்.

அதனால் பொருள் மேலேயே நிற்க வேண்டும். சாரப்பலகையின் ஓரத்தில் ஆறு அங்குல உயரத்துக்காவது தடுப்புப் பலகை. ஸ்பானருக்கு இடுப்போடு ஒரு கயிறு. கழற்றிய கப்ளிங்கைப் பலகையில் வைக்காமல் கோணிச்சாக்கில் போட்டுக் கயிற்றில் இறக்குவது. சுற்றிக் கட்டும் பச்சை வலையை நம்பாதீர்கள். அது தூசியை மறைக்கும், கப்ளிங்கைப் பிடிக்காது.

கீழே கயிறு கட்டி வழியை அடைத்தால் மட்டும் போதாது, ஓர் ஆளும் நிற்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போனதும் எல்லோரும் கயிற்றைத் தாண்டிக் குறுக்கே நடப்பார்கள். இன்ஜினியரும்தான்.

அன்றைக்கே மணல் சலிக்கும் இடத்தை மாற்றச் சொன்னேன். ஒரு நாள் வேலை கெடும் என்று இழுத்தார்கள். கடைசியில் மூன்று பேர் சேர்ந்து மாற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.