பக்கவாத்தியம்: ‘பேக்கிங் பேண்டு’க்குத் தமிழில் என்ன சொல்வது?

ஆங்கிலேய ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் ‘திஸ் இயர்ஸ் மாடல்’ ஆல்பத்தைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே ஒரு சொல் காலை வாரிவிடும். 1978 மார்ச்சில் லண்டனில் வெளிவந்த இது அவருடைய இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம். ‘தி அட்ராக்ஷன்ஸ்’ என்ற பேக்கிங் பேண்டோடு, அதாவது பாடகருக்குத் துணையாக வாசிக்கிற குழுவோடு, அவர் செய்த முதல் ஆல்பமும் இதுதான். ஸ்டுடியோ ஆல்பம் என்பதைச் சமாளித்துவிடலாம்: மேடைக் கச்சேரியின் பதிவாக இல்லாமல், ஒலிப்பதிவுக் கூடத்திலேயே உருவாக்கிய பாடல் தொகுப்பு. இந்த ஆல்பத்தின் இசை வகைக்குப் பெயரான ‘நியூ வேவ்’ இன்னும் எளிது. புதிய அலை என்ற சொல்லை சினிமா பற்றி எழுதுகிறவர்கள் ஏற்கெனவே நமக்குப் பழக்கிவிட்டார்கள். பேக்கிங் பேண்டு என்ற இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது.

பொதுவாக எழுதப்படுவது ‘பின்னணி இசைக்குழு’. இது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழில் பின்னணி இசை என்றால் சினிமாவில் காட்சிக்கு அடியில் ஓடுகிற இசை. பின்னணிப் பாடகர் என்றால் நடிகர் வாயசைக்க, திரைக்கு வெளியே இருந்து குரல் கொடுப்பவர். இரண்டிலுமே இசைக்கிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேக்கிங் பேண்டோ மேடையில் பாடகரோடு சேர்ந்து வியர்த்துக்கொண்டு நிற்கிற குழு.

ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ‘பேக்’ என்றால் முதுகு, பின்புறம். அதுவே வினையாக வரும்போது ஒருவருக்குத் துணை நிற்பது, ஆதரவு கொடுப்பது என்று பொருள். பேக்கிங் என்பதில் இந்த இரண்டு பொருளும் இருக்கின்றன. பின்னணி என்று மாற்றும்போது இடம் மட்டும் வருகிறது, ஆதரவு விழுந்துவிடுகிறது. ‘பேண்டு’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கூட்டம் என்று பொருள். ஆட்களை ஒன்றாகச் சேர்த்து அடையாளம் காட்டிய துணிப்பட்டையிலிருந்து அந்தப் பொருள் பிறந்திருக்கலாம் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் படைப்பிரிவோடு இருந்த வாத்தியக்காரர்களைக் குறித்து, அங்கிருந்து இசைக்குழு எல்லாவற்றுக்கும் பரவியது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் வருகிற ‘பேண்டு வாத்தியம்’ இந்த ராணுவப் பொருளின் நேர் வாரிசு. அந்தச் சட்டையையும் பித்தளைப் பொத்தானையும் பார்த்தாலே தெரியும். பின்னணியில் உள்ள ‘அணி’யும் படை வரிசைதான் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

சரி, காஸ்டெல்லோவுக்கு வருவோம். இந்தச் சொல்லின் சிக்கல் முழுவதும் அவருடைய முதல் மூன்று ஆல்பங்களின் உறையிலேயே இருக்கிறது.

இயற்பெயர் டெக்லான் மக்மானஸ். அப்பா ராஸ் மக்மானஸ், ஜோ லாஸ் நடத்திய நடன இசைக்குழுவில் பாடகர். மகன் ஓர் அழகுசாதன நிறுவனத்தில் கணினி இயக்குபவராக வேலை பார்த்துக்கொண்டே முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். 1977-இல் வந்த ‘மை எய்ம் இஸ் ட்ரூ’ அது. அதில் வாசித்தவர்கள் ‘குளோவர்’ என்ற கலிபோர்னியக் குழுவினர். ஒப்பந்தச் சிக்கல்களால் அவர்கள் பெயர் உறையில் இடம்பெறவில்லை. ஒரு ஆல்பம் முழுக்க வாசித்தும் பெயர் இல்லை.

அந்த ஆண்டே காஸ்டெல்லோ தனக்கென்று நிரந்தரமாக ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டார். கீபோர்டுக்கு ஸ்டீவ் நயீவ், பேஸ் கிட்டாருக்கு புரூஸ் தாமஸ், டிரம்ஸுக்கு பீட் தாமஸ். இரண்டு தாமஸ்களும் உறவினர்கள் இல்லை. நயீவ் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். அட்ராக்ஷன்ஸ் என்ற பெயருக்கு, கூட்டத்தை இழுக்கிற காட்சிகள் என்று பொருள் சொல்லலாம். இவர்களோடு லண்டன் ஆக்டன் பகுதியிலுள்ள ஈடன் ஸ்டுடியோவில், நிக் லோ தயாரிப்பில் பதிவானதுதான் ‘திஸ் இயர்ஸ் மாடல்’. பிரிட்டிஷ் பதிப்பில் 12 பாட்டு. அங்கே விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. ஆனால் முன்னுறையில் முக்காலி மேல் வைத்த கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் காஸ்டெல்லோ ஒருவர்தான். 1979 ஜனவரியில் ‘ஆர்ம்டு ஃபோர்சஸ்’ வந்தபோதுதான் அட்ராக்ஷன்ஸ் என்ற பெயர் பாடகர் பெயரோடு சேர்ந்து உறைக்கு ஏறியது.

இதை ஒரு கச்சேரி அழைப்பிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாடகர் பெயருக்குக் கீழே வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று வரிசையாக இருக்கும். வானொலியில் கச்சேரி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அந்தப் பெயர்களைச் சொல்லுவார்கள். பக்கவாத்தியம் என்ற சொல் இந்த வழக்கத்தோடு பிறந்து வளர்ந்தது. பேக்கிங் பேண்டுக்கு நான் நாடுவது இதைத்தான்.

பக்கவாத்தியக்காரர் உட்காருவது பின்னால் அல்ல, பக்கத்தில். நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் இருப்பது தம்புராவும், சில சமயம் கூடப் பாடுகிற சீடரும். பின்னால் இருப்பதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மேடை இடத்திலேயே காட்டிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு உரிமையும் உண்டு. பாடகர் ஒரு சுரக்கோவையைப் பாடினால் வயலின் பதில் சொல்லும். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் தாளம் போட்டுக்கொண்டு மிருதங்கத்துக்கு வழிவிடுவார்.

‘திஸ் இயர்ஸ் மாடல்’ ஆல்பத்தில் ‘லிப்ஸ்டிக் வோக்’ பாட்டைக் கேட்டால் நான் சொல்வது புரியும். பீட் தாமஸின் டிரம்ஸ் பாய்ச்சலோடு தொடங்கும். நடுவில் பாட்டு தணிந்து, பேஸும் டிரம்ஸுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போவார்கள். குரல் அங்கே காத்திருக்கும். நயீவ் வாசிப்பது வாக்ஸ் கான்டினென்டல் என்ற ஆர்கன். வழக்கமாக வெள்ளையாக இருக்கும் கட்டைகள் அதில் கறுப்பு, கறுப்பாக இருப்பவை வெள்ளை. மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற அதன் ஒலி இல்லாமல் இந்த ஆல்பத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. கிட்டார் செய்ய வேண்டிய பாதி வேலையை அதுதான் செய்கிறது.

சொல்லின் வேருக்கு வருவோம். வாத்தியம் வடமொழிச் சொல். பக்கம் என்பதை வடமொழிப் ‘பட்ச’த்திலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு, தமிழ் வேரே என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும் தொல்காப்பியத்திலேயே அது இருக்கிறது. வாத்தியத்துக்குப் பழந்தமிழ் ‘இயம்’. இசைக்கிறவர் இயவர். பல இயங்கள் சேர்ந்தால் பல்லியம், இனிமையாகச் சேர்ந்தால் இன்னியம். முழு ஆர்கெஸ்ட்ராவுக்குப் பல்லியம் அருமையான சொல், நாலு பேர் கொண்ட ராக் குழுவுக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

கருவிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அழகாகச் சொல்கிறது. குழலின் வழியே யாழ் நிற்கிறது. யாழின் வழியே தண்ணுமை என்ற தோற்கருவி. தண்ணுமையின் பின்வழியே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை என்ற இன்னொரு வாத்தியம். இங்கே ‘பின்வழி’ என்பதற்கு முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது என்று பொருளில்லை. ஒன்று போட்ட தடத்தில் அடுத்தது அடி வைக்கிறது. அதே ஆல்பத்தின் ‘பம்ப் இட் அப்’ பாட்டு தொடங்குகிற விதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிகள் நினைவுக்கு வரும். முதலில் டிரம்ஸ் மட்டும். அதன் வழியே பேஸ். அப்புறம் ஆர்கன். எல்லாம் வந்து நின்ற பிறகுதான் குரல்.

பக்கவாத்தியத்துக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. துணை இசைக்கிற கலைஞர்களின் சொற்களை எல்லாம் நாம் பேச்சில் வசவாக்கி வைத்திருக்கிறோம். தலைவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவரை ஜால்ரா என்கிறோம், ஒத்து ஊதுகிறார் என்கிறோம், பின்பாட்டுப் பாடுகிறார் என்கிறோம். பக்கவாத்தியம் வாசிக்கிறார் என்றும் சொல்வதுண்டு. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் மூச்சு விடாமல் ஒரே சுருதியைப் பிடித்து நிற்பதால்தான் மற்ற எல்லாமே நிற்கிறது. வில்லுப்பாட்டில் பின்பாட்டு இல்லாவிட்டால் கதையே நகராது. அந்த வேலையின் அருமை தெரியாமல் போனதால் சொல் கெட்டது. இசையைப் பற்றி எழுதும்போதாவது அதை அதன் சொந்தப் பொருளில் கொண்டுவந்து வைத்தால், சொல் திரும்பவும் நிமிரும் என்று நம்புகிறேன்.

ஆகவே சாதாரண எழுத்தில் ‘பக்கவாத்தியக் குழு’ என்றே எழுதலாம், யாருக்கும் உடனே புரியும். வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘பக்க இசைக்குழு’ என்று எழுதட்டும். ‘துணை இசைக்குழு’வும் தவறில்லை. வாழ்க்கைத்துணை, வழித்துணை என்று வரும்போது துணை சமமான சொல். ஆனால் துணை நடிகர், துணை ஆட்சியர் என்று பழகிய காதுக்கு அது ஒரு படி கீழாகக் கேட்கும். அதனால் என் ஓட்டு பக்கத்துக்குத்தான்.

அட்ராக்ஷன்ஸின் கதை அந்த ஆல்பத்தோடு முடியவில்லை. 2003-இல், ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கிற அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் காஸ்டெல்லோவை ஏற்றுக்கொண்டபோது, குழுவையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். 2021-இல் அதைவிடப் பெரிய ஒன்று நடந்தது. ‘ஸ்பானிஷ் மாடல்’ என்ற பெயரில் அதே ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார்கள். 1978-இல் ஈடன் ஸ்டுடியோவில் நயீவும் இரண்டு தாமஸ்களும் வாசித்தது அப்படியே இருந்தது. எடுத்தது காஸ்டெல்லோவின் குரலை. ‘பம்ப் இட் அப்’ பாட்டில் டிரம்ஸ் வந்து, பேஸ் வந்து, ஆர்கன் வந்து நின்ற பிறகு, கொலம்பியப் பாடகர் ஹுவானெஸ் ஸ்பானிஷ் மொழியில் பாடத் தொடங்குகிறார்.